எல்லா டெஸ்டும் நார்மல், பிறகு எப்படி மாரடைப்பு வந்தது?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு 58 வயது. பிரஷருக்கு மாத்திரை உண்டு, அவ்வப்போது விட்டுவிடுவார். மூன்று வாரம் முன்பு முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் மூன்றும் நார்மல். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 'டெஸ்ட் பொய்யா? ஏமாந்துவிட்டோமா?' என்று கேட்கிறீர்கள். கூடவே இன்னொன்றும்: தாத்தா பக்கவாதத்தில் போனார், அத்தைக்கு ஹார்ட் ஃபெயிலியர், பெரியப்பாவுக்குக் காலில் ரத்தக்கட்டி, அம்மாவுக்கு ரத்தசோகை. இதெல்லாம் ஒரே வியாதியா, வேறு வேறா?

இதயப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த மருத்துவனாகச் சொல்கிறேன், உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அந்த டெஸ்ட் தேடியது ஒன்று, அப்பாவுக்கு நடந்தது இன்னொன்று. அதைப் புரிந்துகொண்டால் இரண்டாவது கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆனால் தன் அறைகளுக்குள் ஓடும் அந்த ரத்தத்தை இதயத் தசையால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. இதயத்திலிருந்து மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய் புறப்படும் இடத்திலேயே பிரிகிற கரோனரி தமனிகள்தான் அதற்கு ரத்தம் கொடுக்கின்றன. பெரிய கிளைகளே மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்தான்.

தண்ணீர்க் குழாயின் உள்பக்கம் உப்புப் படிந்து படிந்து ஒருநாள் அடைத்துக்கொள்வது போலத்தான் மாரடைப்பு என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்த உவமைதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். கொழுப்பு குழாய்க்குள் ஒட்டுவதில்லை, குழாயின் சுவருக்குள் புகுகிறது. ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் துகள்கள் உள்தோலைத் தாண்டிச் சுவருக்குள் சிக்கிக்கொள்கின்றன. அவற்றைத் துப்புரவு செய்ய வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பை விழுங்கி, ஊதி, அங்கேயே செத்துக் கிடக்கின்றன. இது புண் போன்ற ஓர் அழற்சி. மேலே நார்த்திசு ஒரு மூடியாக வளர்ந்து அதைப் போர்த்துகிறது. சீழ்க்கட்டியின் மேல் தோல் மூடியிருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படிவு முதலில் வெளிப்பக்கமாகத்தான் வீங்குகிறது. குழாயும் அதற்கு இடம் கொடுத்து விரிகிறது. அதனால் ரத்தம் ஓடும் வழி வருடக்கணக்கில் குறுகாமலே இருக்கும். பிறகு ஒருநாள் அந்த மூடி மெலிந்து கீறிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் கொழுப்புக் குழம்பு ரத்தத்தில் பட்டதும் உடம்பு அதைக் காயம் என்று எடுத்துக்கொள்கிறது. விரலை வெட்டிக்கொண்டால் என்ன செய்யுமோ அதையே அங்கேயும் செய்கிறது. தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன, ரத்தம் உறைகிறது. 3 மில்லிமீட்டர் குழாயில் அப்படி ஒரு கட்டி சேர்ந்தால் சில நிமிடங்களில் வழி அடைந்துவிடும்.

1980களின் பிற்பகுதியில் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். வேறு காரணத்துக்காக முன்பே ஆஞ்சியோ என்ற ரத்தக்குழாய்ப் படம் எடுத்திருந்த சிலருக்குப் பின்னாளில் மாரடைப்பு வந்தது. பழைய படத்தை எடுத்துப் பார்த்தால், அட்டாக் வந்த அதே இடத்தில் அன்றைக்குப் பாதி அடைப்புகூட இருந்திருக்கவில்லை, அதுவும் பெரும்பாலோருக்கு.

இப்போது ட்ரெட்மில்லுக்கு வருவோம். ஓடும்போது தசைக்கு ரத்தம் போதாமல் போனால்தான் அதில் மாற்றம் தெரியும். குழாய் முக்கால்வாசி குறுகினால்தான் பொதுவாக அந்த நிலை வரும். அப்படிக் குறுகியவர்களிலேயே சுமார் மூன்றில் ஒருவரை அது தவறவிடும். பாதி அடைப்பு அதன் கண்ணில் படவே படாது. எக்கோ தசையையும் வால்வுகளையும் காட்டும், கரோனரி அடைப்பைக் காட்டாது. படுத்தபடி எடுக்கும் ஈ.சி.ஜி. என்பது பத்து விநாடிப் பதிவு, அந்தப் பத்து விநாடிக்குத்தான் அது சாட்சி.

அப்படியானால் எது சொல்லியிருக்கும்? நீங்கள் அனுப்பிய அந்த ரிப்போர்ட்டே சொல்லியிருக்கிறது. முதல் பக்கத்தில் 'நார்மல்' என்று மூன்று முறை அச்சடித்திருக்கிறது, அதை வீட்டில் எல்லாரும் படித்திருப்பீர்கள். நான்காம் பக்கத்தில் எல்.டி.எல். 162, பிரஷர் 158/96. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அதைப் பார்த்து யாரும் உட்கார்ந்து பேசவில்லை, மாத்திரை மாறவில்லை. எனக்கு மனம் கனத்தது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948-இல் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, யாருக்கு இதய நோய் வருகிறது என்று வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். அதற்கு முன் பிரஷர் ஏறுவதை வயதானால் இயல்பு என்று நினைத்த மருத்துவர்கள் நிறைய. உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை, சர்க்கரை ஆகிய இவைதான் பல வருடம் முன்பே எச்சரிக்கின்றன என்பது அந்த ஆய்விலிருந்து தெளிவானது. சுவர் எவ்வளவு அடிவாங்கிக்கொண்டிருக்கிறது என்று இந்த எண்கள்தான் சொல்லும். படத்தை நம்பி எண்களை விடுவது ஆபத்து. ட்ரெட்மில் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடி ஏறினால் நெஞ்சு அழுத்துகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்பவருக்கு அது உதவும். அது மெதுவாகக் குறுகிய குழாயின் வலி. ஆஞ்சைனா என்பது அதைத்தான்.

அட்டாக் வரும் நேரம் எப்படி இருக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சினிமாவில் வருவது போல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சட்டென்று சரிபவர்கள் குறைவு. பலர் நடந்தே வருவார்கள். 'எங்கே வலிக்கிறது' என்று கேட்டால் ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட மாட்டார்கள். கையை மடக்கி முஷ்டியை நெஞ்சு நடுவில் வைத்து, 'இங்கே, ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி' என்பார்கள். வியர்வை கொட்டும். ஈ.சி.ஜி. எடுக்கப் போகும் நர்ஸ் நெஞ்சைத் துடைத்துத் துடைத்து ஒட்டுவார், வயர் வழுக்கி விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்ததும் பேப்பர் வருவதற்கு முன்பே எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், பெண்கள் பலருக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்கலாம், தாடை வலிக்கலாம், மேல்வயிறு எரியலாம், காரணமில்லாமல் அசந்து போகலாம். 'வாயு' என்று சொல்லி இழந்த மணிநேரங்கள் எத்தனையோ.

குழாய் அடைந்து அரை மணிக்குள் தசை சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் இந்த அவசரம். ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் 1977-இல் ஸூரிக் நகரில் பலூனால் கரோனரி அடைப்பை முதன்முதலாகத் திறந்தார். இன்று மாரடைப்பு நேரத்திலேயே அதைச் செய்கிறோம். இரண்டு மணி நேரத்துக்குள் அந்த வசதிக்குப் போய்ச் சேர முடியாது என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட வேண்டும். 1988-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்தது. அரை ஆஸ்பிரின் மாத்திரை மட்டுமே மரணத்தைச் சுமார் 23 சதவீதம் குறைத்தது. கரைக்கும் ஊசியும் சேர்ந்தபோது 42 சதவீதம். அத்தனை சாதாரண மாத்திரை. அதனால்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்ன கையோடு, ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவரை 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்கிறோம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி நிற்கவில்லையென்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள், தசை சிதைந்து அந்தப் புரதம் ரத்தத்தில் கலக்க நேரம் பிடிக்கும்.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. முன்னதில் குழாய் அடைகிறது, பின்னதில் இதயத்தின் மின்சாரம் தாறுமாறாகிறது. முன்னது பின்னதைக் கொண்டுவரலாம். ஒருவர் நினைவிழந்து, மூச்சும் சரியாக இல்லாமல் விழுந்தால் நாடியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உதவிக்குக் கத்திச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். விலா எலும்பு முறிந்தாலும் நிறுத்தாதீர்கள்.

இனி தாத்தாவின் பக்கவாதம். மூளைக்குப் போகும் குழாயில் கட்டி அடைத்தால் ஸ்ட்ரோக், இதயத்துக்குப் போகும் குழாயில் அடைத்தால் அட்டாக். பெரும்பாலான ஸ்ட்ரோக் இந்த வகை. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவது. வாய் கோணுகிறதா, ஒரு கை கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அது எப்போது தொடங்கியது என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். தூங்கி எழும்போதே அப்படி இருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் கணக்கு.

மூளைக்குப் போகும் கட்டி சில சமயம் இதயத்திலிருந்தே கிளம்பும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் இதயத்தின் மேலறைகள் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பை போன்ற இடத்தில் ரத்தம் தேங்கி உறையும். ஸ்ட்ரோக் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். தாளமே இல்லாமல், ஒன்று பலமாகவும் அடுத்தது மெலிதாகவும், இடைவெளி எதுவும் ஒத்துவராமல் துடித்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். பலருக்கு வேறு எந்தத் தொந்தரவும் இருக்காது.

பெரியப்பாவின் கால் கட்டியும் உறைதல்தான், ஆனால் தமனியில் இல்லை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரையில். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறக் கெண்டைக்கால் தசைதான் பம்ப். அறுவை சிகிச்சைக்குப் பின், எலும்பு முறிந்து படுத்திருக்கையில், நீண்ட பயணத்தில், கர்ப்ப காலத்தில், புற்றுநோயில், உறைதல் எளிதாகிறது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டை வலித்துச் சூடாக இருந்தால் தைலம் போட்டுத் தேய்க்கவே கூடாது. கட்டி பெயர்ந்தால் நுரையீரல் குழாயில் போய் அடைக்கும். திடீர் மூச்சுத்திணறல், ஆழ மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்தல், மயக்கம் வந்தால் அது உயிர் போகும் அவசரம். தோலுக்கடியில் புடைத்துச் சுருண்டு தெரியும் வேரிகோஸ் நரம்பு அத்தனை பயமுறுத்துவதல்ல. அது சிரையின் வால்வு பழுதாவது, அங்கே வருவது பெரும்பாலும் கனமும் அரிப்பும் ஆறாத புண்ணும்தான்.

உறைதல் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றால் ஏன் மாத்திரை வேறு வேறாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வேகமாக ஓடும் தமனியில் கட்டியைத் தொடங்குவது தட்டணுக்கள், அங்கே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல். மெதுவாக ஓடும் சிரையிலும் நடுங்கும் மேலறையிலும் உறைபுரதங்கள்தான் முக்கியம், அங்கே வார்ஃபரின் அல்லது அதற்குப் பின் வந்த மாத்திரைகள். எல்லாவற்றையும் 'ரத்தம் மெலிதாக்கும் மாத்திரை' என்றே சொல்கிறார்கள். எதுவும் ரத்தத்தை மெலிதாக்குவதில்லை, உறைவதைத்தான் தாமதப்படுத்துகின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வீட்டில் மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

பிரஷரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னவற்றில் பாதிக்கு அதுதான் விதை. 40 முதல் 69 வயதுள்ளவர்களில் 115/75-ஐத் தாண்டியபின் பிரஷரின் மேல் எண் ஒவ்வொரு 20 கூடும்போதும், ஸ்ட்ரோக்கிலோ இதய நோயிலோ சாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று அப்பா மாத்திரையை விட்டது இதனால்தான். அளக்கும் விதமும் முக்கியம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பல நாள் அளந்த சராசரிதான் உண்மை. உப்பு, எல்லாம் சேர்த்து, நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்.

அத்தையின் ஹார்ட் ஃபெயிலியர் என்ற பெயரைக் கேட்டு இதயம் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தேவையான அளவு தள்ள முடியவில்லை. பழைய மாரடைப்பில் செத்த தசை, வருடக்கணக்கான பிரஷர், பழுதான வால்வு, ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். (சிறுவயதில் தொண்டைப்புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டு, இருபது வருடம் கழித்து இப்படி வெளிப்படுவதும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை விடக்கூடாது.) அறிகுறி சின்னச் சின்னதாகத்தான் தொடங்கும். செருப்பு இறுக்குகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஒரு தலையணை போதாமல் இரண்டாகிறது. நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்காருகிறார்கள். அத்தை தினமும் காலையில் எடை பார்க்கட்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றைக்கே டாக்டரிடம் சொன்னால் மாத்திரை அளவிலேயே சரிசெய்துவிடலாம். எக்கோவில் 'ஈ.எஃப்.' என்று ஒரு எண் இருக்கும், 55-க்கு மேல் இயல்பு, 40-க்குக் கீழே பலவீனம். இப்போதைய மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த எண்ணே பலருக்கு ஏறுகிறது.

அம்மாவின் ரத்தசோகை இந்தக் குடும்பத்தில் வேறு கிளை. இங்கே குழாயில் குறையில்லை, ஓடுகிற ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவு. பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே இருந்தால் சோகை. பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் அதுவும் ஒரு விளைவுதான். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்பு குறைந்தால் எங்கே ரத்தம் போகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்த்தே தீர வேண்டும், சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. தாலசீமியா, சிக்கிள் செல் போன்ற பரம்பரைச் சோகைகளில் இரும்பு உதவாது, சேர்ந்து கெடுக்கவும் செய்யும். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா, வெள்ளையணுக்கள் கட்டுமீறும் லுகேமியா இவையெல்லாம் வேறு மருத்துவரின் வேலை. காரணமில்லாமல் உடம்பில் நீலக் கன்றல், ஈறில் ரத்தம், விடாத காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் ஒரு முழு ரத்த எண்ணிக்கை எடுக்கத் தாமதிக்காதீர்கள் என்பதோடு விடுகிறேன்.

இப்போது அப்பா. அடைத்துக்கொண்ட ஓர் இடத்தை ஸ்டென்ட் திறந்து வைத்திருக்கிறது. மற்ற குழாய்ச் சுவர்களை அது தொடவில்லை. அவற்றுக்கு மருந்து ஸ்டாட்டின். 1994-இல் வெளியான ஆய்வில், இதய நோய் இருந்த 4,444 பேரில் ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மொத்த மரணமே 30 சதவீதம் குறைந்தது. கொலஸ்ட்ராலைக் குறைப்பதோடு, சுவரில் இருக்கும் படிவின் மூடியை உறுதியாக்குவதும் அதன் வேலை. அதனால் 'கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டது' என்று நிறுத்தக் கூடாது. எல்.டி.எல். 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே போக வேண்டும். ஆஸ்பிரினும் அதனுடன் கொடுத்த இரண்டாவது தட்டணு மாத்திரையும் பொதுவாக ஒரு வருடம் சேர்ந்து போகும், பிறகு ஒன்று தொடரும். அவற்றை அவராக விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். பல் பிடுங்க வேண்டும், சின்ன அறுவை சிகிச்சை என்று யாராவது நிறுத்தச் சொன்னால் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மலம் கறுப்பாக, தார் போலப் போனால் உடனே சொல்ல வேண்டும். புகைப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைப்பவரென்றால் நிறுத்திய ஒரு வருடத்திலேயே புகையால் கூடிய இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். வலி வந்தால் நிற்க வேண்டாம், உட்கார்ந்து ஒன்று வைக்கட்டும். ஐந்து நிமிடத்தில் விடவில்லையென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அவரே வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள். நான்காம் பக்கத்தைக் கிழித்து, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மேலே வைத்துக் கொண்டுபோங்கள்.